‘போகப்போக விரியும்’ என்பவரிடம் ஷூ வாங்காதீர்கள்

கேள்வி: கொடைக்கானலில் மலையேற்ற வழிகாட்டியாக இருக்கிறேன், பாறையேற்றமும் பழகுகிறேன். என் முன்பாதம் அகலம், குதிகால் ஒடுக்கம். இரண்டாவது விரல் பெருவிரலைவிட நீளம். இணையத்தில் வாங்கிய பாறையேற்ற ஷூவைச் சற்று நேரம்கூடப் போட முடியவில்லை. வெளிநாட்டு ஷூ வரவழைத்துத் தரும் ஒருவர், “இரண்டு சைஸ் குறைத்து வாங்குங்கள், போகப்போக விரிந்துவிடும்” என்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். இரண்டு சைஸ் என்கிறாரே, எந்தக் கணக்கில் என்று அவரைக் கேட்டீர்களா? ஐரோப்பிய எண்ணில் ஒரு சைஸுக்கு நீளம் சுமார் 6.7 மில்லிமீட்டர் மாறும். பிரிட்டிஷ் எண்ணில் சுமார் 8.5. ஆகவே ‘இரண்டு சைஸ்’ ஒன்றில் 13 மில்லிமீட்டர், மற்றொன்றில் 17. உங்களைப் போன்ற நீண்ட இரண்டாவது விரலுக்கு இந்த நான்கு மில்லிமீட்டர் சிறிய விஷயமில்லை. லா ஸ்போர்ட்டிவா நிறுவன ஷூவில் 41 பொருந்தியது என்பதற்காக ஸ்கார்ப்பா நிறுவன ஷூவிலும் 41 பொருந்தும் என்றும் இல்லை.

அடுத்து, அந்த ‘விரியும்’. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஏமாற்று நடப்பது இந்த ஒரு சொல்லில்தான். ஷூவுக்குள் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பான தோலே விரலில் பட்டால் அது உள்துணி இல்லாத தோல் ஷூ. அது நன்றாகவே விரியும். துணி தட்டுப்பட்டால் கொஞ்சம்தான் விரியும். செயற்கைப் பொருளில் செய்தது ஏறக்குறைய விரியவே விரியாது. சிலவற்றில் முன்பக்கம் மட்டும் துணி வைத்துத் தைத்திருப்பார்கள், ஆகவே கையை நுனிவரை விட்டுப் பார்க்க வேண்டும். நன்றாக விரிகிற தோல் ஷூவும் பக்கவாட்டில்தான் அதிகம் இளகும். நுனியைச் சுற்றி இழுத்து ஒட்டியிருக்கும் ரப்பர் நீளவாக்கில் இளக விடாது. உங்கள் அகலமான முன்பாதத்துக்குத் தோல் இடம் கொடுக்கும்; இரண்டாவது விரலுக்குக் கொடுக்காது. விரலுக்கான நீளம் முதல் நாளே சரியாக இருக்க வேண்டும்.

இனி உங்கள் பாதத்துக்கு. நுனி பெருவிரல் பக்கமாக வளைந்து செல்லும் ஷூக்கள் பெருவிரல் நீண்டவர்களுக்கானவை. அவற்றை விட்டுவிடுங்கள். நுனி நடுவை நோக்கி வரும், வளைவு குறைந்த வடிவம்தான் உங்களுக்கு. பட்டை ஒட்டும் வகையைவிட லேஸ் வகை நல்லது. முன்னே தளர்த்தி, கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டலாம். ‘பெண்களுக்கானது’ என்ற முத்திரையைப் பார்த்து ஒதுக்காதீர்கள்: அவற்றில் பலவற்றுக்குக் குதிகால் ஒடுக்கமாக இருக்கும். தென்கொரியாவின் புட்டோரா நிறுவனம் சில மாடல்களை அகலம், ஒடுக்கம் என இரண்டு அச்சிலும் செய்கிறது. பழனி மலைப் பாறை பெரும்பாலும் சார்னோகைட் என்னும் கடினமான பாறை வகை. அதன் சரிவுகளில் பழகும் ஒருவருக்கு, நுனி கீழ்நோக்கி வளைந்த விலை உயர்ந்த ஷூ தேவையே இல்லை. தட்டையான அடிப்பகுதி போதும்.

அளவை நீங்களே எடுங்கள். மாலையில், நடந்து முடித்து வந்தபின், தாள் மேல் முழு எடையும் ஊன்றி நில்லுங்கள். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வேறொருவர் கோடு வரையட்டும். நீங்களே குனிந்து வரைந்தால் எடை மாறி அளவு கெட்டுவிடும். இரண்டு பாதங்களையும் வரையுங்கள், பெரியதற்கே வாங்குங்கள்.

ஷூ வந்ததும் படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து நில்லுங்கள். விரல்கள் லேசாக மடங்கி நுனியைத் தொட வேண்டும். ஊசி குத்துவதுபோல் வலித்தாலும் மரத்துப்போனாலும் அது உங்கள் ஷூ அல்ல. பிறகு குதிகாலை அதே விளிம்பில் மாட்டி இழுங்கள். ஷூ நழுவினாலோ, குதிகாலின் இருபுறமும் விரலால் கிள்ளும்போது மடிப்பு விழுந்தாலோ திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இவ்வளவு பாடு ஏன் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. இந்தியப் பாதம் பொதுவாக அகலம் என்று கண்டது. ‘பா’ என்று தனி அளவுமுறையும் முன்மொழியப்பட்டது. ஆனால் கடைக்குப் போனால் பெட்டியில் இன்னும் பிரிட்டிஷ் எண், ஐரோப்பிய எண். அகலத்தைக் குறிக்க ஓர் எழுத்துகூட இல்லை. அளந்து முடித்த பிறகும் ஒரு மலைவாசி சரியான ஷூவுக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏற வேண்டியிருக்கிறது என்பது எனக்குப் பொறுக்கவே இல்லை.

இந்த இடைவெளியில்தான் உங்களுக்கு ஷூ வரவழைத்துத் தருகிறேன் என்பவரைப் போன்றவர்கள் பிழைக்கிறார்கள். பழுது பார்க்க என்னிடம் வரும் ஷூக்களில் இவர்கள் கைவரிசை தெரியும். யாரோ போட்டுத் தேய்ந்ததைச் சுத்தம் செய்து ‘புதிது’ என்பார்கள். புதிய சோல் பளபளக்கும், ஆனால் நுனியை மூடிய ரப்பர் பெருவிரல் மேட்டில் காகிதம்போல் மெலிந்திருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகும். மோந்து பாருங்கள், பசை வாசம் தூக்கலாக வரும். லேஸுக்கு அடியில் இருக்கும் ஷூ நாக்கின் உட்புறம் உள்ள சைஸ் சீட்டு கிழிந்திருந்தாலோ அழிந்திருந்தாலோ, காரணம் கேட்டுக்கொண்டு நிற்காமல் திரும்பி வாருங்கள். முன்பணம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ‘பொருந்தாவிட்டால் திருப்பி எடுப்பேன்’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலோர் எழுதித் தர மாட்டார்கள், வியாபாரம் அங்கேயே முடிந்துவிடும்.

இணையத்தில் வாங்குவதானால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள். வீட்டுக்குள் மட்டும், சுத்தமான தரையில் போட்டுப் பாருங்கள். பாறையில் ஒருமுறை உரசிய ஷூவை எந்தக் கடையும் திருப்பி எடுக்காது.