ஊடக அறிவு தமிழில் வந்து சேர்கிறதா? கண்காணிக்க ஒரு வழி

கேள்வி: "கோண்டாவிலில் ஒரு சனசமூக நிலையம் நடத்துகிறோம். பேஸ்புக், யூடியூப், டிக்டொக் எல்லாம் பொய்த்தகவலை எதிர்க்க மக்களுக்கு ஊடக அறிவு (வரும் செய்தி உண்மையா பொய்யா என்று ஆராயும் திறன்) ஊட்டுவதாகச் சொல்கின்றன. அது தமிழில் எங்களிடம் வருகிறதா என்று நிலையத்துப் பெடியளை வைத்துக் கண்காணிக்க விரும்புகிறோம். எதைக் குறிப்பது, எப்படிக் குறிப்பது?"

பதில்:

கட்டாயம் செய்யுங்கள். ஆனால் கம்பனிகள் தரும் எண்ணிக்கையில் இருந்து தொடங்காதீர்கள். ஒரு விழிப்புணர்வு வீடியோ இத்தனை லட்சம் தடவை ஓடியது என்பார்கள். பார்த்தவர் அடுத்த நாள் ஒரு பொய்ச் செய்தியைப் பரப்பாமல் நிறுத்தினாரா என்பது அந்த எண்ணில் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் பொய்த்தகவலுக்கு எதிரான ஒரு நடத்தைக்கோவை, அதாவது கம்பனிகள் ஒப்புக்கொண்ட விதிகளின் தொகுப்பு, இருக்கிறது. 2022 இல் இறுக்கப்பட்டு, 2025 ஜூலையில் இருந்து டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. அதில் சேர்ந்துள்ள கூகிள், மெற்றா (பேஸ்புக்கின் தாய்க் கம்பனி), டிக்டொக் போன்றவை ஊடக அறிவுக்கு என்ன செய்தன என்று அறிக்கை கொடுக்க வேண்டும். இலங்கையில் எங்கள் 2024 ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் (Online Safety Act) பெரும்பாலும் தடைசெய்யப்பட்ட கூற்றுகளைப் பற்றியே பேசுகிறது. இருந்தாலும் ஐரோப்பிய அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். அங்கே என்னென்ன வசதிகள் கொடுத்தோம் என்று அவர்களே எழுதியிருப்பார்கள். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு, அவற்றில் எது யாழ்ப்பாணத்துப் போனில் தமிழில் திறக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

இங்கேதான் உறவுக்காரர் உதவுவார்கள். அங்கே வருவதையும் இங்கே வருவதையும் ஒப்பிட்டுப் பார்க்க, பாரிஸிலோ ஜேர்மனியிலோ உள்ள ஒருவரிடம் கேளுங்கள். இரண்டு பக்கமும் மொழியைத் தமிழுக்கு மாற்றி, யூடியூபில் கணக்கில் இருந்து வெளியேறி, ஒரே நாளில் ஒரே சொற்களைத் தேட வேண்டும். கணக்கோடு தேடினால் அவரவர் முன்பு பார்த்த வீடியோக்கள் முடிவை மாற்றிவிடும்.

மாரி காலத்தை உதாரணமாக எடுங்கள். இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்த பழைய வீடியோ ஒன்று இன்றையது என்று சுற்றுகிறது என்று வையுங்கள். அதன் கீழ் எச்சரிக்கைக் குறிப்பு இருக்கிறதா? எந்த மொழியில்? பகிரும் முன் வந்ததா, பகிர்ந்த பிறகா? என்னைக் கேட்டால் இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். விரல் பகிரப் போகும் நேரத்தில் வரும் ஒரு வரி, ஆறுதலாகப் பார்க்கும் பத்து நிமிட வீடியோவை விடப் பயன் தரும். வட்ஸ்அப்பில் பலதடவை கைமாறி வந்த செய்திக்கு இரட்டை அம்புக்குறி போடுகிறார்கள். 2020 ஏப்ரலில் இருந்து அப்படிப்பட்டதை ஒரு தடவைக்கு ஒரு உரையாடலுக்குத்தான் அனுப்பலாம். அந்த அம்புக்குறி என்னவென்று ஊர்ச் சனத்திடம் கேட்டுக் குறியுங்கள். தெரியாது என்பவர்கள் எத்தனை பேர் என்பதும் உங்கள் கண்டுபிடிப்புத்தான்.

மொழியை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் முஸ்லிம் மக்களுக்கு எதிராக வன்முறை வெடித்தபோது பேஸ்புக்கில் வெறுப்புப் பதிவுகள் பரவின. அதற்குத் தங்கள் தளம் பயன்பட்டது குறித்து அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். உள்ளூர் மொழியைக் கவனிக்காததன் விலையை இங்கே சனம்தான் கொடுத்தது.

அப்புறம், ஒரு சின்னப் பரீட்சையும் வையுங்கள். பத்துப் பதிவுகள், பாதி உண்மை, பாதி பொய். தளங்களின் விழிப்புணர்வு வீடியோக்களைக் காட்டுவதற்கு முன்பும் சில கிழமை கழித்தும் வேறு வேறு பதிவுகளைக் கொடுங்கள். உண்மையானவற்றை விட்டுவிடாதீர்கள். எல்லாவற்றையும் பொய் என்று சொல்லப் பழகியவர் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் உண்மையான எச்சரிக்கையையும் தட்டிவிடுவார்.

பதிவுக் கொப்பியில் திகதி, நேரம், தளம், தேடிய சொல், மொழி, கண்டது, ஸ்கிரீன்ஷொட் எண் போதும். ஒன்றுமே வராத நாளையும் எழுதுங்கள். குடும்பக் குழுக்களின் செய்திகளைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. பெயர், போன் நம்பர் எல்லாவற்றையும் மறையுங்கள். மூன்று மாதம் சேர்ந்ததும் இரண்டு பக்க அறிக்கையாக்கி, சமூக ஊடகங்களைக் கண்காணித்து வரும் ஹாஷ்டேக் ஜெனரேஷன் என்ற அமைப்புக்கு அனுப்புங்கள், ஒரு பிரதியை வாசிகசாலைப் பலகையில் ஒட்டுங்கள்.