ஃபோர்டு ஆலை உதாரணம் வெபருக்குப் பொருந்துமா?

அமெரிக்காவின் ஃபோர்டு கார் ஆலையில் அத்தனை பேர் வேலையை விட்டு ஓடினார்களே, அதைப் போய் பகுத்தறிவுமயமாதலுக்கு (rationalization) உதாரணமாகக் கட்டுரையில் எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக எழுதுங்கள், அந்த முரண்தான் இதைப் பற்றி எழுதிய ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரின் விஷயமே. மனிதர்கள் புத்திசாலிகள் ஆகிவிட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை; ஒரு இலக்கை அடைய எது திறமையான வழி என்ற கணக்கு எங்கும் முன்னே வந்து நிற்க, அந்த இலக்கே எதற்கு என்ற கேள்வி பின்னால் போய்விடுகிறது என்கிறார். 1913-இல் ஃபோர்டின் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் அசெம்பிளி லைன் (வண்டி நகர்ந்து வர, ஆளுக்கொரு சின்ன வேலையை நின்ற இடத்திலேயே செய்யும் முறை) வந்ததும், ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்டப் பன்னிரண்டரை மணி நேரம் ஆனது சில மாதங்களில் சுமார் 93 நிமிடமாகக் குறைந்தது. கணக்குப்படி அபாரம். ஆனால் நாள் முழுக்க ஒரே திருகாணியை முடுக்க யாருக்குப் பிடிக்கும்? ஆட்கள் நிற்கவில்லை. அப்புறம் நடந்ததைத்தான் நீங்கள் விட்டுவிட்டீர்கள்: 1914-இல் முதலாளி ஹென்றி ஃபோர்டு நாளுக்கு 5 டாலர் கூலி என்று அறிவித்தார், அதை முழுசாக வாங்க வேண்டுமென்றால் குடிக்கிறானா, சேமிக்கிறானா என்று கம்பெனி ஆட்கள் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள், இதற்கென்று தனி இலாகாவே வைத்திருந்தார்! என்னைக் கேட்டால் லைனைவிட இதுதான் வலுவான உதாரணம், ஆலைக் கணக்கு அடுப்படி வரை வந்துவிட்டது. கட்டுரையில் பாதி இடத்தை இதற்கே கொடுங்கள்.