கூன் போட்டு உட்கார்ந்தால் இடுப்பு வலிப்பது ஏன்?

நாள் முழுவதும் கணினி முன் குனிந்து உட்காருவதால்தான் இடுப்பு வலிக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் பங்குண்டு, ஆனால் குனிவதைவிட அசையாதிருப்பதையே நான் முதலில் குறை சொல்வேன்.

இடுப்புப் பகுதியின் 5 முள்ளெலும்புகள் இயல்பாகவே சற்று முன்வளைந்திருக்கின்றன. கூன் போட்டு அமரும்போது அந்த வளைவு தட்டையாகி, எலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல் உள்ள வட்டுகளின் முன்பகுதி நசுங்க, பின்பக்கத் தசைகளும் தசைநார்களும் மணிக்கணக்கில் இழுபட்டபடியே இருக்கின்றன. சுவீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களில் வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தபோது, நிற்பதைவிட முன்சாய்ந்து அமர்கையில் அது வெகுவாகக் கூடுவதைக் கண்டார்.

ஆணி அடித்தாற்போல் நிமிர்ந்தே அமர்ந்திருந்தாலும் தசைகள் களைத்துப்போகும் என்பதால், அரைமணிக்கு ஒருமுறையேனும் எழுந்து நடங்கள். வலி காலுக்கு இறங்கினாலோ கால் மரத்துப்போனாலோ மருத்துவரைப் பாருங்கள்.