எண்ணெய்ச் சட்டியும் ஒரு சொம்பு தண்ணீரும்

கேள்வி: போன பண்டிகைக்கு வீடு நிறைய விருந்தாளிகள். எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு, வந்தவர்களை வரவேற்க வாசலுக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் சட்டி தீப்பிடித்துவிட்டது. கணவர் ஒரு சொம்பு தண்ணீரோடு ஓடிவந்தார். அவர் ஊற்றுவதற்குள் மாமியார் தட்டைப் போட்டு மூடிவிட்டார். இந்த வருடமும் எல்லோரும் எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். தீயணைக்கும் சிலிண்டர் வாங்கட்டுமா? அலங்கார விளக்கே வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா? எதைச் சொன்னாலும் ‘சும்மா பயந்து சாகாதே’ என்று கேலி செய்கிறார்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் உங்கள் மாமியாருக்கு ஒரு கும்பிடு. அந்தச் சொம்பு சட்டியில் கவிழ்ந்திருந்தால் இந்தக் கடிதமே வேறு மாதிரி இருந்திருக்கும். எண்ணெய் தானாகப் பற்றும் நேரத்தில் அதன் சூடு 350 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். தண்ணீரோ 100 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். எண்ணெயைவிடக் கனம் என்பதால் ஊற்றியதும் அடிக்குப் போய், அங்கே கண் இமைப்பதற்குள் ஆவியாகி, ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். மேலே எரிந்துகொண்டிருக்கும் எண்ணெய் அத்தனையும் ஊற்றியவர் முகத்துக்கும் கூரைக்கும் தெறிக்கும். இதை உங்கள் கணவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

மூடுவதிலும் முறை இருக்கிறது. உலோக மூடியை மேலிருந்து போடாமல், பக்கவாட்டிலிருந்து சட்டியின் மேல் நகர்த்த வேண்டும். கண்ணாடி மூடி வேண்டாம், வெடிக்கலாம். கை எட்டினால் அடுப்பை அணையுங்கள். அப்புறம் சட்டி நன்றாக ஆறும்வரை திறந்து பார்க்கக் கூடாது. சூடு குறையாமல் திறந்தால் காற்றுப் பட்டு மறுபடி பற்றும். சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவது தண்ணீர் ஊற்றுவதற்கு அடுத்த பெரிய தப்பு.

ஆனால் தப்பு தொடங்கிய இடம் அடுப்படி இல்லை, வாசல். எண்ணெய் சொல்லாமல் கொள்ளாமல் பற்றுவதில்லை. முதலில் புகையும். அந்தப் புகையைப் பார்க்க ஆள் இல்லாததுதான் பிரச்சினை. பண்டிகை நாளில் வீட்டில் பத்துப் பேர் இருப்பார்கள், அடுப்பு யார் பொறுப்பு என்று கேட்டால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அதனால் ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: பொரிக்கும்போது அடுப்படியை விட்டு நகர்ந்தால் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் நகர வேண்டும். ‘ஒரு நிமிஷம்தானே’ என்பதெல்லாம் கிடையாது. வந்தவர்கள் வாசலில் கொஞ்சம் காத்திருந்தால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சிலிண்டர் வாங்கலாம். ஏ.பி.சி. பவுடர் வகை (மரம், துணி, எண்ணெய், கேஸ் என்று பலவகைத் தீக்கும் ஆனது) வீட்டுக்குப் போதும். அதை அடுப்புக்கு மேலே மாட்டாதீர்கள், தீயைத் தாண்டிக் கையை நீட்டி எடுக்க முடியாது. அடுப்படியை விட்டு வெளியேறும் வழியில் மாட்டுங்கள். எரியும் சட்டி மேல் அதைப் பாய்ச்சினால் வேகத்தில் எண்ணெய் சிதறும், சட்டிக்கு மூடிதான். என்னைக் கேட்டால் சிலிண்டருக்கும் முன்னால் புகை அலாரம் வாங்கச் சொல்வேன். தூக்கத்தில் மூக்கு நம்மை எழுப்பாது, காதுதான் எழுப்பும். மாதம் ஒருமுறை பட்டனை அழுத்திச் சோதியுங்கள். 10 வருடத்தில் மாற்றிவிடுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். தாளிக்கும்போதெல்லாம் கத்தும், எரிச்சலில் யாராவது பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள்.

அலங்கார விளக்கைத் தடை செய்ய வேண்டியதில்லை. எல்.இ.டி. சரம் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. வயரில் வெட்டோ பிளவோ இல்லாமல் இருந்தால் போதும். வம்பு அது செருகியிருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருக்கிறது. அதிலேயே கெட்டிலை ஒருவர் செருகுவார், ஹீட்டரை இன்னொருவர் செருகுவார். 230 வோல்ட்டில் ஓடும் 2,000 வாட் ஹீட்டர் ஒன்றே 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். பாக்ஸோ 6 ஆம்பியருக்கானதாக இருக்கும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வயரில் பிறக்கும் சூடு நான்கு மடங்கு. ‘அதான் எம்.சி.பி. இருக்கே’ என்பார்கள். மின்னோட்டம் அளவு மீறினால் தானாகவே அணைந்துவிடும் சுவிட்ச் அது. அந்த லைனுக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. போட்டிருந்தால் அது 9 ஆம்பியருக்கு வாயே திறக்காது. அரை மணி நேரம் ஓடிய பிறகு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டாலோ, பிளக் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு படிந்திருந்தாலோ அதை அன்றே ஒதுக்கிவிடுங்கள். சுருட்டி வைத்த வயரை முழுக்க விரித்துப் போடுங்கள், கம்பளத்துக்கு அடியில் ஓட்ட வேண்டாம்.

மெழுகுவத்தி, விளக்கு எல்லாம் திரைச்சீலையிலிருந்து குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி, குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். ஹீட்டருக்கும் மெத்தைக்கும் நடுவே 1 மீட்டர் இடைவெளி விடுங்கள்.

கேலி செய்பவர்களோடு வாதாடாதீர்கள், வேலை கொடுங்கள். படுக்கும் முன் அடுப்பு, விளக்கு, பிளக் மூன்றையும் பார்த்து வரும் பொறுப்பு உங்கள் கணவருடையது. விருந்தாளிகள் தங்கினால் இன்னொன்றும் கட்டாயம். ராத்திரி வாசல் கிரில்லைப் பூட்டிவிட்டுச் சாவியை உங்கள் அறைக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். ஹாலில் படுத்திருப்பவருக்கு அது எங்கே என்று தெரியாது. கதவுக்குப் பக்கத்திலேயே மாட்டி, வந்த அன்றே எல்லோருக்கும் காட்டிவிடுங்கள். தீ கையை மீறினால் நகை, போன் என்று தேடாமல் எல்லோரும் வெளியேறி, பின்னால் கதவைச் சாத்திவிட்டு, வெளியிலிருந்து தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்யுங்கள்.