ட்றையர் சுழலுது, சூடு வரேல்லை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மாரி தொடங்கினதிலிருந்து கொடியில உடுப்புக் காயுதில்லை, ட்றையரைத்தான் நம்பியிருக்கிறம். இப்ப தொட்டி சுழலுது, ஆனால் இரண்டு மணித்தியாலம் ஓடினாலும் உடுப்பு ஈரமாகவே வருது. சூடாக்கி எரிஞ்சிட்டுது, புதுசு போடவேணும் எண்டு திருத்த வந்தவர் சொல்லுறார். போடத்தான் வேணுமோ?
- வாசகி, இணுவில்

பதில்: காசைக் கொடுக்க முதல் காற்றுப் போகும் வழியைப் பாருங்கள். ட்றையர் சூட்டினால் மட்டும் உடுப்பைக் காயவைப்பதில்லை. ஈரத்தை அள்ளிக்கொண்டு காற்று வெளியே போகவேண்டும். பத்து நிமிடம் ஓடவிட்டு, சுவருக்கு வெளியே குழாய் வாயில் கையை வையுங்கள். காற்று சோர்ந்து வந்தால், இயந்திரத்தின் பின்பக்கம் குழாயைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அங்கே பலமாக அடித்தால் குழாய்தான் அடைத்திருக்கிறது. பஞ்சு மட்டுமல்ல, குருவிக்கூடும் இருக்கலாம். குழாய் 10 சென்ரிமீற்றர் அகலமான அலுமினியக் குழாயாக, முடிந்தளவு கட்டையாக, வளைவு குறைந்ததாக இருக்கட்டும். வளைவு கூடக்கூட அதற்குள் பஞ்சு தங்கும்.

உடுப்பிலிருந்து உதிரும் பஞ்சைப் பிடிக்கிற வலைவடியைக் கழற்றிப் பைப்புக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். தண்ணீர் வலையில் தேங்கி நின்றால், பார்வைக்குத் துப்புரவாக இருந்தாலும் அது அடைத்ததுதான். உடுப்பு மிருதுவாக்கி விடுகிற மெழுகுப் படை அது. பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல் தூரிகையும் போதும். நன்றாகக் காய்ந்தபிறகு மாட்டுங்கள்.

காற்று சரி, சூடு மட்டும் இல்லை என்றால் மின்னை அளக்கிற மல்ரிமீற்றரை எடுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, பின் மூடியைத் திறந்து, வயர்கள் இருக்கிற இடத்தைத் தொலைபேசியில் படம் பிடித்துவிட்டுக் கழற்றுங்கள். சூடாக்கியின் இரு முனையிலும் ஓம் அளவைப் பாருங்கள். கணக்கு இலகு: 230ஐ 230ஆல் பெருக்கி, சூடாக்கியின் வாற்றால் வகுக்கவேண்டும். 2000 வாற்று என்றால் ஏறக்குறைய 26 ஓம், 2500 என்றால் 21. மீற்றர் ஒன்றும் காட்டாவிட்டால் கம்பி அறுந்துவிட்டது, திருத்த வந்தவர் சொன்னது சரி. ஒரு முனைக்கும் உலோகக் கூட்டுக்கும் இடையில் அளவு ஏதும் காட்டினால் மின் ஒழுகுகிறது. ட்றையரைப் போட்டதும் வீட்டு ட்றிப் சுவிட்ச் விழுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

சூடாக்கி நல்லதாக இருந்தால், அதன் பெட்டியில் பொருத்திய பொத்தான் போன்ற தேமோஸ்ரற்றுகளை, அதாவது சூட்டைக் கட்டுப்படுத்துகிற சுவிட்சுகளை, அளந்து பாருங்கள். ஆறியிருக்கும்போது அவை 0 ஓமுக்குக் கிட்டக் காட்டவேண்டும். அவற்றில் ஒன்று, சூடு மீறினால் மின்னைத் துண்டிக்கிற காவல். சிலவற்றில் நடுவிலுள்ள சின்னப் பொத்தானை அமத்தினால் மீளும், மற்றவை ஒருமுறை போனால் போனதுதான். அதைத் தாண்டி வயரை நேரே முடிந்துவிடுகிற கைவேலையைச் செய்யவே வேண்டாம், செய்ய விடவும் வேண்டாம். உள்ளே கிடக்கிற பஞ்சு தீப்பிடியாமல் கடைசியாக நிற்பது அந்தச் சின்னச் சாமான்தான். அது துண்டித்ததே பெரும்பாலும் காற்று அடைத்ததால். குழாயைத் துப்புரவாக்காமல் புதிது போட்டால் அதுவும் போய்விடும்.

கேள்வி: சுவிட்சைப் போட்டால் 'உம்' எண்டு சத்தம் வருது, தொட்டி அசையுதில்லை.
- வாசகர், வல்வெட்டித்துறை

பதில்: உடனே நிற்பாட்டுங்கள், அப்படியே விட்டால் மோட்டர் எரியும். பிளக்கைக் கழற்றிவிட்டுத் தொட்டியைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிடிப்பே இல்லாமல் லேசாகச் சுழன்றால் தொட்டியைச் சுழற்றுகிற பெல்ற் அறுந்திருக்கிறது. பழைய பெல்ற்றில் 1930 H7 என்பதுபோல எழுதியிருக்கும்: 1930 மில்லிமீற்றர் நீளம், 7 வரி. கடையில் அதே இலக்கத்தைக் கேளுங்கள். வரியுள்ள பக்கம் தொட்டியோடு படியவேண்டும்.

சுற்றும்போது வழமையான இறுக்கம் இருந்தால், மோட்டரைத் தொடக்கிவிடுகிற கப்பாசிற்றரைச் சந்தேகப்படலாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது மின்னை வைத்திருக்கும். பழைய இழை மின்குமிழ் ஒன்றின் இரு வயரையும் அதன் இரு முனையில் சில விநாடி பிடித்து இறக்கியபிறகே கையை வையுங்கள். 8 மைக்குரோபரட் (கப்பாசிற்றரின் கொள்ளளவு) என்று எழுதியது மீற்றரில் 6 காட்டினால் மாற்றத்தான் வேண்டும். புதியதில் மைக்குரோபரட் அதேயளவாக இருக்கவேண்டும், வோல்ற் குறையக்கூடாது. நீங்கள் கடற்கரைப் பக்கம் என்பதால் முனைகளையும் பாருங்கள். உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்தால் உரஞ்சித் துடைத்தாலே சில வேளை ஓடிவிடும்.

கேள்வி: கனடாவில இருந்து அண்ணா ட்றையர் ஒண்டு அனுப்பியிருக்கிறார். பிளக்கில நாலு பின் இருக்கு. பிளக்கை மாத்தினால் வேலை செய்யுமோ?
- வாசகர், கோப்பாய்

பதில்: செய்யாது. அங்கே சூடாக்கிக்கு 240 வோல்ற், மோட்டருக்கு 120 வோல்ற். இங்கே நேரே கொடுத்தால் மோட்டர் போய்விடும். அவர்களுடைய மின் 60 ஹேர்ட்ஸ், எங்களுடையது 50. சூடாக்கியும் 5000 வாற்றுக்கு மேலே இருக்கும், அதாவது 20 அம்பியருக்கும் அதிகம். எங்கள் 13 அம்பியர் பிளக் அதைத் தாங்காது. அண்ணா கோவித்தாலும் பரவாயில்லை, பாகங்களுக்காக விற்றுவிடுங்கள். லண்டன், ஜேர்மனிச் சாமான் என்றால் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ், பிரச்சினை இல்லை. ஜேர்மன் வட்டப் பிளக்கை மட்டும் வெட்டிவிட்டு மூன்று பின் பிளக் போடுங்கள்: மண்ணிறம் உயிர்க்கம்பி, நீலம் நொதுமல், பச்சை-மஞ்சள் புவித்தொடுப்பு. கடையில் விற்கிற மலிவு அடப்ரர்களில் பலவற்றில் புவித்தொடுப்பே சேராது.

கேள்வி: ட்றையர் பதினைந்து நிமிடத்தில 'முடிஞ்சுது' எண்டு நிக்குது. உடுப்பு நல்ல ஈரம்.
- வாசகி, கொக்குவில்

பதில்: தொட்டிக்குள் வாய்ப்பக்கமாக இரண்டு உலோகப் பட்டிகள் தெரியும். ஈர உடுப்பு இரண்டையும் ஒன்றாகத் தொடும்போது மின் சிறிதளவு கடக்கும், அதை வைத்தே இயந்திரம் ஈரத்தை அறிகிறது. எங்கள் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீர் விடுகிற வெள்ளைப் படையும் மிருதுவாக்கியும் பட்டியை மூடினால், உடுப்புக் காய்ந்துவிட்டதென்று அது ஏமாந்துபோகும். வினாகிரியில் நனைத்த துணியால் துடைத்து, ஈரத்துணியால் ஒருமுறை ஒற்றி எடுங்கள். ஒன்றிரண்டு உடுப்பை மட்டும் போட்டாலும் இப்படித்தான் நிற்கும், அவை பட்டியில் படுவது குறைவு. அப்போது நேரம் குறித்து ஓடவிடுங்கள்.

நல்லெண்ணெய் பட்ட துவாயை ட்றையரில் போடுவதாயின், முதலில் சுடுதண்ணீரில் சோப்பைக் கூட்டித் தோயுங்கள். கடைசியில் வருகிற, உடுப்பை ஆறவைக்கும் சுற்று முடியும்வரை கதவைத் திறக்கவும் வேண்டாம். எண்ணெய் ஊறிய துணி சூட்டோடு குவிந்து கிடந்தால் தானாகவே பற்றும்.