மெட்டின் பெயர் இருக்கிறது, மெட்டைக் காணோம்

கேள்வி: கல்லூரி ஆங்கில மன்ற விழாவில் 17-ஆம் நூற்றாண்டு லண்டன் தெருப்பாடல் ஒன்றைப் பாடப் போகிறேன். கிடைத்த தாளில் இசைக்குறிப்பே இல்லை. தலைப்புக்குக் கீழே ‘எய்ம் நாட் டூ ஹை மெட்டில்’ என்று ஒரு வரி மட்டும். இதை எப்படிப் பாடுவது?

பதில்: உங்கள் தாளில் எதுவும் விட்டுப்போகவில்லை. பிராட்சைட் பாலட் என்றாலே பெரும்பாலும் அப்படித்தான்: ஒரு பக்கம் மட்டும் அச்சான தாள், மேலே மரக்கட்டைப் படம், விலை ஒரு பென்னி அல்லது அரை பென்னி. விற்பவரே தெருவில் நின்று பாடிக் காட்டுவார். வாங்குகிறவருக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது, ஆனால் மெட்டு ஏற்கெனவே காதில் இருக்கும். அதனால் அச்சகத்தார் மெட்டின் பெயரை மட்டும் போட்டுவிட்டார்கள்.

சிக்கல் என்னவென்றால், ஒரே மெட்டுக்குப் பல பெயர்கள். ஒரு மெட்டில் எழுதிய புதுப் பாட்டு நன்றாக ஓடினால், அடுத்து வரும் தாள்களில் அந்தப் பாட்டின் பெயரே மெட்டின் பெயராகிவிடும். உங்களுடையதும் அப்படித்தான். இதன் பழைய பெயர் ‘ஃபார்ச்சூன் மை ஃபோ’. அந்தப் பெயரில் தேடுங்கள். அக்கால ஆங்கிலேய இசையமைப்பாளர் வில்லியம் பேர்ட் இதை விர்ஜினல் என்ற விசைக்கருவிக்காக அமைத்திருக்கிறார். அது அந்தக் கருவிக்கான பழைய இசைத் தொகுப்பான ஃபிட்ஸ்வில்லியம் விர்ஜினல் புத்தகத்தில் இருக்கிறது. பாடல் மெட்டுகளை ஒரே இடத்தில் பார்க்க கிளாட் சிம்ப்சன் 1966-இல் தொகுத்த நூல் இன்றும் கைகொடுக்கும். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகம் நடத்தும் பாலட் ஆவணக் காப்பகத்தை இணையத்தில் திறந்து பாருங்கள். தாளின் படம், எழுத்து வடிவம், பல பாடல்களுக்குப் பாடிய ஒலிப்பதிவு எல்லாம் இலவசம். நாட்குறிப்பால் புகழ்பெற்ற 17-ஆம் நூற்றாண்டு லண்டன்காரர் சாமுவேல் பீப்ஸ் சேர்த்து வைத்த 1,800-க்கும் மேற்பட்ட தாள்களும் அங்கே உண்டு.

மெட்டு கிடைத்ததும் அசையை எண்ணுங்கள். ‘ஃபார்ச்சூன் மை ஃபோ, ஒய் டஸ்ட் தௌ ஃப்ரௌன் ஆன் மீ’: பத்து அசை. இப்படி நான்கு வரி சேர்ந்தால் ஒரு சரணம். உங்கள் பாட்டும் பத்துப் பத்தாக வந்தால் சரி. எட்டு, ஆறு, எட்டு, ஆறு என்று வந்தால் அது ‘செவி சேஸ்’ என்ற பழைய பாலட் மாதிரியான மெட்டுக்கு உரியது. இதில் திணித்தால் வரிக்கு வரி மூச்சு முட்டும்.

வேகமாகப் பாடிவிடாதீர்கள். தூக்குமேடைக்குப் போகிறவர் கடைசியாகப் புலம்புவதுபோல எழுதிய பாட்டுகளை இந்த மெட்டில்தான் நிறையப் பாடினார்கள். ‘தூக்கு மெட்டு’ என்றே இதற்குப் பெயர் வந்தது. முதல் வரி காதில் விழும்போதே கூட்டத்துக்கு விஷயம் புரிந்திருக்கும். என்னைக் கேட்டால், தாளில் அச்சான சொற்களைவிட இந்த மெட்டுதான் அதிகம் பேசுகிறது.

இன்னொன்று. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த சில தாள்களில் இசைக்குறிப்பும் அச்சாகியிருக்கும். ஆகா என்று அதை வாசிக்க உட்காராதீர்கள். பல தாள்களில் அது வெறும் அலங்காரம், பாட்டோடு ஒட்டவே ஒட்டாது.

பக்கவாத்தியம் இல்லாமல் பாடினாலே போதும். இருபது சரணம் இருந்தால் முழுவதையும் பாட வேண்டாம். கதை அறுபடாமல் ஆறேழு சரணங்களைத் தேர்ந்தெடுங்கள், கடைசிச் சரணத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அப்புறம், தாளைக் கையில் வைத்துக்கொண்டே பாடுங்கள். அந்தக் காலத்தில் தெருவில் விற்றவர்களும் அப்படித்தான் பாடினார்கள்.