வகுப்புத் தலைவருக்கு என்ன வேலை?

பள்ளி நிர்வாகத்தில் மாணவர் பங்கேற்பு குறித்து வடசென்னை வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை தருகிறோம். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் மகள் மாநகராட்சிப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். வாக்குச்சீட்டு, விரலில் மை என்று முறையாக நடத்திய தேர்தலில் அவளை மாணவர் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவதும், காலை வணக்கக் கூட்டத்தில் வரிசையைச் சரிசெய்வதும், விருந்தினர் வந்தால் சால்வைத் தட்டை ஏந்தி நிற்பதும்தான் அவள் வேலையாக இருக்கின்றன. தோழிகள் அவளோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள். இது தலைமைப் பண்பை வளர்க்குமா?
— ஒரு தாய், காசிமேடு

பதில்: வளர்க்காது. தோழிகள் விலகியதில் வியப்பும் இல்லை. வாக்களித்தவர்கள் மாணவிகள்; ஆனால் தேர்வானவர் ஆசிரியருக்குக் கண்ணாக இருக்கிறார். தங்களுக்காகப் பேசுவாள் என்று அனுப்பியவளே தங்கள் பெயரைப் பலகையில் எழுதினால் எந்தப் பிள்ளைக்குத்தான் பிடிக்கும்?

சிறுவர் பங்கேற்பைப் பற்றி ரோஜர் ஹார்ட் என்பவர் 1992-இல் யுனிசெஃப்புக்காக எழுதிய கட்டுரையில் எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணியை விவரித்தார். பெரியவர்கள் ஆட்டுவிக்கப் பிள்ளைகள் ஆடுவது, பிள்ளைகளை அலங்காரத்துக்கு நிறுத்துவது, பெயரளவுக்கு ஓரிருவரைச் சேர்த்துக்கொள்வது ஆகிய கீழ் மூன்று படிகளையும் அவர் பங்கேற்பாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. சால்வைத் தட்டு அவற்றில் இரண்டாவது படியைச் சேர்ந்தது. பிள்ளைகள் தாமே ஒன்றைத் தொடங்கி, முடிவைப் பெரியவர்களோடு பகிர்ந்து எடுப்பதுதான் அவர் வைத்த உச்சிப் படி.

அந்த உச்சிக்கு ஒரே தாவலில் போக முடியாது. போக வேண்டியதும் இல்லை. முதலில், பெயர் எழுதும் வேலையிலிருந்து மகளை விடுவிக்கும்படி தலைமையாசிரியரிடம் நேரில் கேளுங்கள். வகுப்பு அமைதி ஆசிரியரின் பொறுப்பு. அடுத்து, பள்ளிக்குள்ளேயே முடிவெடுக்கக்கூடிய ஏதேனும் ஒன்றை மாணவர்களிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள். மதிய உணவுக்குப் பிறகு பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, நாப்கின்களைப் போடத் தொட்டி இருக்கிறதா, விளையாட்டுப் பாடவேளையில் மைதானம் மாணவிகளுக்கும் கிடைக்கிறதா என்பவற்றை அங்கே படிக்கும் பிள்ளைகளைவிட நன்கு அறிந்தவர் எவரும் இல்லை. வகுப்புவாரியாகக் கேட்டு, ஒரே தாளில் எழுதி, தலைமையாசிரியரிடம் கொடுப்பது உங்கள் மகளின் வேலையாக இருக்கலாம். அதற்குக் குறித்த தேதிக்குள் எழுத்தில் பதில் தருவது தலைமையாசிரியரின் வேலையாக இருக்க வேண்டும். ‘ஆகும்’, ‘ஆகாது, காரணம் இது’, ‘எங்கள் கையில் இல்லை, இன்ன அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறோம்’ என்ற மூன்றில் எந்தப் பதில் வந்தாலும் பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்கள். பதிலே வராமல் போவதைத்தான் அவர்கள் மன்னிப்பதில்லை. மாணவர் மன்றங்கள் பெரும்பாலும் படுத்துவிடுவது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து. ஆரவாரமாகத் தேர்தல் நடக்கிறது, முதல் கூட்டத்தில் பத்துக் கோரிக்கைகள் எழுகின்றன, அவை என்னவாயின என்று ஒருவரும் சொல்வதில்லை, மூன்றாவது கூட்டத்துக்கு யாரும் வருவதில்லை.

கேள்வி: பிள்ளைகளின் கருத்தைக் கேட்டால் செல்பேசியும் கூடுதல் விளையாட்டு நேரமும்தான் கேட்பார்கள். பாடத்தை எப்போது முடிப்பது?
— ஓர் ஆசிரியர், திருவொற்றியூர்

பதில்: முதல் கூட்டத்தில் அதைத்தான் கேட்பார்கள். எதைக் கேட்கலாம் என்ற எல்லையைச் சொல்லாமல் ‘உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்று பொதுவாகக் கேட்டால் பெரியவர்களும் அப்படித்தான் கேட்பார்கள். பாடத்திட்டத்தையும் பொதுத்தேர்வையும் மாற்றப் பள்ளிக்கே அதிகாரம் இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எவற்றில் மாணவர்களின் ஆலோசனை மட்டும் கேட்கப்படும், எவற்றில் அவர்களே முடிவெடுக்கலாம் என்பதையும் பிரித்துச் சொல்லுங்கள்.

தாமதமாக வருவோருக்கான விதியை எடுத்துக்கொள்வோம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தால் காலையில் எவ்வளவு நேரம் நிற்க நேரிடும் என்பது அந்த வழியாக வரும் பிள்ளைகளுக்குத் தெரியும். கேட்டில் நின்று தாமதமானவனையும் கடை வாசலில் அரட்டையடித்துவிட்டுத் தாமதமானவனையும் ஒரே வெயிலில் ஒரே வரிசையில் நிறுத்தும் விதியை ஆசிரியர் அறையில் உட்கார்ந்து எழுதிவிட முடியும். அதையே மாணவர் குழுவிடம் விட்டால், கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று முதலில் கணக்கெடுப்பார்கள். பிறகு அவர்கள் வகுக்கும் விதி பல நேரங்களில் உங்களுடையதைவிடக் கடுமையாக இருக்கும். அதைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்ல வேண்டிய நிலைமைகூட உங்களுக்கு வரலாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கூட்டத்தில் வாய் திறப்பவர்கள் எப்போதும் அதே நான்கைந்து பேராக இருப்பார்கள். அதிகாலையில் தாய் மீன் ஏலத்துக்குப் போய்விடுவதால் தம்பி தங்கையைக் கிளப்பிவிட்டு வரும் சிறுமி எழுந்து பேசமாட்டாள். பெயரில்லாத் துண்டுச்சீட்டில் எழுதச் சொன்னால் அவளும் சொல்வாள்.

கேள்வி: பள்ளியில் தேர்தல் வைத்தால் சாதியும் கட்சியும் உள்ளே நுழைந்துவிடாதா?
— ஒரு தந்தை, வியாசர்பாடி

பதில்: தேர்தல் இல்லாத பள்ளிகளிலும் சாதி நுழைந்துதான் இருக்கிறது. நாங்குநேரியில் 2023-இல் ஒரு தலித் மாணவனைச் சக மாணவர்கள் வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட, ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் அணியத் தடை விதிக்க வேண்டும் என்று 2024-இல் பரிந்துரைத்தது. அந்தக் கயிறுகளை எந்த மாணவர் தேர்தலும் கொண்டுவரவில்லை.

கட்சி பற்றிய அச்சம் பெரும்பாலும் கல்லூரித் தேர்தல்களைப் பார்த்து எழுவது. மாணவர் தேர்தல்களை நெறிப்படுத்த அமைக்கப்பட்ட லிங்டோ குழுவின் பரிந்துரைகளை 2006-இல் உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்னதும் கல்லூரி, பல்கலைக்கழகத் தேர்தல்களுக்குத்தான். பள்ளிக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. பதவிக்காலத்தை ஒரு பருவத்தோடு முடித்து, சுழற்சியில் அடுத்தவருக்குக் கொடுக்கலாம்; விருப்பமுள்ளவர்களிடையே சீட்டுக் குலுக்கியும் தேர்ந்தெடுக்கலாம். அரசுப் பள்ளிகளில் 2024-இல் தொடங்கப்பட்ட ‘மகிழ் முற்றம்’ திட்டத்தில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்கள் இருக்கின்றன. வெவ்வேறு வகுப்புகளில் படிக்கும் பிள்ளைகள் ஒரே குழுவில் கலந்திருப்பதால், ஒரே தெருக்காரர்கள் சேர்ந்து ஒருவரை நிறுத்துவது அங்கே அவ்வளவு எளிதன்று. வியாசர்பாடியில் கால்பந்து ஆடும் பிள்ளைகளைப் பாருங்கள். அணித்தலைவனை அவர்கள் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு மாணவி நான். பள்ளி விஷயங்களில் பேச எங்களுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா?
— ஒரு மாணவி, மணலி

பதில்: இருக்கிறது, ஆனால் நீ நினைப்பதைவிடக் குறுகிய இடம். தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும், அந்தக் கருத்து வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப மதிக்கப்படவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு. 1989-இல் வந்த அந்த உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றுக்கொண்டது.

நம் நாட்டின் கல்வி உரிமைச் சட்டம், 2009, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்களாகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்துக்காக ஒன்றிய அரசு வெளியிட்ட மாதிரி விதிகளில், பெற்றோர் அல்லாத இடங்களில் மூன்றில் ஒரு பங்கு ‘உள்ளூர்க் கல்வியாளர்கள் அல்லது அப்பள்ளியின் பிள்ளைகள்’ என்று வருகிறது. அந்த ‘அல்லது’ வழியாக மாணவர்கள் எளிதாக வெளியேற்றப்படலாம் என்பதைக் கவனித்துக்கொள். வேல்ஸ் நாட்டில் 2005-இல் வந்த விதிகள் இதைவிடத் தெளிவானவை. அங்கே அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளில் மாணவர் மன்றம் கட்டாயம். மன்றம் முன்வைக்கும் விஷயத்தை ஆட்சிக் குழுவும் தலைமையாசிரியரும் பரிசீலித்துப் பதிலளிக்கவும் வேண்டும்.

இங்கே நீ செய்யக்கூடியது ஒன்று உண்டு. மேலாண்மைக் குழுக்கள் 2024-இல் மாற்றியமைக்கப்பட்டபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டது. உன் பள்ளியில் அந்த இடத்தில் இருப்பவர் யார் என்று விசாரித்து, உங்கள் கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, அடுத்த கூட்டத்தின் பொருள்பட்டியலில் சேர்க்கச் சொல். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்கும் பொறுப்பும் அந்தக் குழுவுக்கே உரியது என்பதால், கோரிக்கை அதில் ஏறிவிட்டால் தொடர்ந்து கேட்க உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

மணலிக்காரியான உனக்கு எந்தக் கோரிக்கையில் தொடங்கலாம் என்று நான் சொல்லவேண்டியதில்லை என்றாலும் சொல்கிறேன். 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, நள்ளிரவில் மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். அது பள்ளி நேரத்தில் நடந்தால் எந்த வாசல் வழியாக வெளியேறுவது, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக எந்தத் தெருவில் விலகிப் போவது, மாடியில் இருக்கும் சிறுபிள்ளைகளை யார் அழைத்து வருவது என்பவற்றுக்கு உங்கள் பள்ளியில் எழுதிவைத்த திட்டம் இருக்கிறதா? இல்லையென்றால் அதை ஆசிரியர்களோடு உட்கார்ந்து நீங்களே தயாரிக்கலாம். எந்தச் சந்து எங்கே முட்டி நிற்கிறது என்பது வெளியூரிலிருந்து வரும் ஆசிரியரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

கேள்வி: தனியார் மெட்ரிக் பள்ளிகளுக்கும் மேலாண்மைக் குழு கட்டாயமா?
— ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளைக் கல்வி உரிமைச் சட்டத்தில் மேலாண்மைக் குழு பற்றி வரும் பிரிவு கட்டுப்படுத்தாது. அங்கே மாணவர் மன்றம் நிர்வாகத்தின் விருப்பத்தைப் பொறுத்தது; கட்டணம் செலுத்தும் பெற்றோர்கள் சேர்ந்து கேட்டால் அந்த விருப்பம் சற்று விரைவில் பிறக்கலாம்.

கேள்வி: ஓர் ஆசிரியர் மாணவர்களை அடிக்கிறார் என்று மாணவர் தலைவனிடம் சொன்னால், அவன் என்ன செய்ய வேண்டும்?
— ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், தண்டையார்பேட்டை

பதில்: அவன் விசாரிக்கக் கூடாது, சமரசம் பேசவும் கூடாது. உடல் தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. பாலியல் தொல்லையாக இருந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பொருந்தும். பதினான்கு வயதுப் பையன் சுமக்கக்கூடிய பாரம் அன்று இது. பேட்ஜ் அணிவிக்கும் நாளிலேயே, இப்படிப்பட்ட செய்தி காதுக்கு வந்தால் அன்றே நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல்லிவிட வேண்டும் என்றும், அப்படி ஒருவர் இல்லையென்றால் 1098 குழந்தைகள் உதவி எண்ணையோ பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணையோ அழைக்க வேண்டும் என்றும் கற்றுக்கொடுங்கள். அந்த இரண்டு எண்களையும் தலைமையாசிரியர் அறைக்குள் ஒட்டுவதால் பயனில்லை. பிள்ளைகள் கூட்டமின்றித் தனியாக நின்று படிக்கக்கூடிய இடத்தில் எழுதிவையுங்கள்.